கொட்டாம்பட்டியில் குளிர்காலம் கிடையாது

பாவ்பாவ் மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தூங்கி எழ வேண்டும். அந்தத் தூக்கத்துக்கு 7 டிகிரிக்குக் கீழே சுமார் 400 மணி நேரமாவது குளிர் வேண்டும். கொட்டாம்பட்டியில் மார்கழி விடியலில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு "என்னா குளிரு" என்று டீக்கடையில் நிற்கிறோமே, அப்போதும் வெப்பமானி 20 பக்கம்தான் காட்டும். 400-இல் ஒரு மணி நேரம்கூட இங்கே தேறாது. விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கி ‘உணவுக்காடு’ போடுகிறான். ஆன்லைனில் ஐந்து பாவ்பாவ் விதை வாங்கினான். மூன்றே வாரத்தில் முளைத்துவிட்டது என்று படம் அனுப்பினான். இன்னும் கொஞ்ச நாளில் இலை கைவிரல் மாதிரிப் பிரிந்தது. பப்பாளி! விற்றவனைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. ஆஸ்திரேலியாவிலும் இலங்கையிலும் ஆங்கிலத்தில் பப்பாளிக்கே பாவ்பாவ் என்றுதான் பெயர். நிஜமான பாவ்பாவ் விதை மொச்சைக்கொட்டையைவிடப் பெரிதாக இருக்கும், இவனுக்கு வந்தது மிளகு. நிஜ விதையே வந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை. அதை உலரவிட்டால் செத்துவிடும். ஈரத்தோடு இரண்டரை, மூன்று மாதம் குளிரில் வைத்தால்தான் முளைக்கும். பாக்கெட்டில் காய்ந்து வருவது விதையில்லை, அதன் பிணம்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கும் பேச்சின் மேல்தான் கோபம். ஓக் மரங்களுக்கு நடுவே பனிமூட்டம், கீழே பாவ்பாவ், அதற்கும் கீழே பெர்ரிச் செடிகள், ஒரு தாடிக்காரர் மெதுவான குரலில் பேசுகிறார். இப்படி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கொட்டாம்பட்டிச் செம்மண்ணில் இறங்குகிறோம். மரம் மாறினால் பரவாயில்லை. அவகாடோ, மியாசாக்கி மாம்பழம், டிராகன் என்று மாதம் ஒரு பெயர் வந்து போகிறது, நர்சரிக்காரருக்கு நல்லது. தாடிக்காரரின் கண் நமக்கு ஒட்டிக்கொள்வதுதான் சிக்கல். அந்தக் கண்ணுக்கு நம்ம ஊர் வெறும் பொட்டலாகத் தெரிகிறது.

இந்த ‘வனத்தோட்டம்’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பகுதியில் ராபர்ட் ஹார்ட் என்பவர் ஏறக்குறைய 12 சென்ட் பழத்தோட்டத்தில் அடுக்கடுக்காக மரம், செடி, கொடி வைத்துக் காட்டினார். அவர் கேரளத்து வீட்டுத் தோட்டங்களைப் பற்றி வியந்து எழுதியவர். தென்னை, அதன் மேல் மிளகு, கீழே வாழை, அதற்கும் கீழே சேம்பும் இஞ்சியும். இங்கிருந்து போனதுதான் குளிர்நாட்டுக்குத் தகுந்த சட்டை போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் திரும்பி வருகிறது. சரி, வரட்டும். ஆனால் கேரளத்துப் பறம்பும் கொட்டாம்பட்டியும் ஒன்றா? மதுரை மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே நெருக்கமாக நட்டு நிழல் உண்டாக்க வேண்டுமென்றால் போர் போட வேண்டும். தம்பி 800 அடி போட்டிருக்கிறான். பக்கத்துக் கிணற்றுக்காரர் அவனோடு பேசுவதில்லை.

இன்னொன்று, எங்கள் பக்கம் ‘காடு’ என்றால் மானாவாரிப் புஞ்சை. "அம்மா எங்க?" என்று கேட்டால் "காட்டுக்குப் போயிருக்காக" என்பார்கள். கடலை பிடுங்கவோ துவரை பறிக்கவோ போயிருப்பார்கள். உணவு இல்லாத காடு எங்கள் பேச்சிலேயே இல்லை. அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘உணவு’ ஒட்டவைக்க வேண்டிய அவசியம், இங்கிருந்து போய்விட்டு வந்தவனுக்குத்தான் வரும்.

இப்படிச் சொன்னதும் ஒரு கூட்டம் கைதட்டும். "கரெக்ட்டுண்ணே, வெளிநாட்டு மரமே வேணாம், நாட்டு மரம் மட்டும் நடுவோம்." அவர்களோடும் எனக்கு ஒத்துவராது. நான் சண்டை போட வந்திருப்பது ஒரு வெளிநாட்டு மரத்துக்காக. சீத்தாவுக்காக.

சீத்தா மரம் அமெரிக்க வெப்ப மண்டலத்தைச் சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு இந்தியாவுக்கு வந்தது. வந்து சேர்ந்ததும் சீதையின் பெயரை வாங்கிக்கொண்டது, அதன் அண்ணனுக்கு ராம் சீத்தா என்று பெயர் வைத்தோம். 19-ஆம் நூற்றாண்டில் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் கன்னிங்ஹாமே பார்ஹுத் சிற்பங்களில் இருந்த ஒரு பழத்தைச் சீத்தா என்று எண்ணி, இது பழைய இந்திய மரம் என்று வாதாடினார். தாவரவியலாளர்கள் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இதை அன்னமுன்னா என்பார்கள். ‘அனோனா’ என்ற மேற்கிந்தியத் தீவுச் சொல்லின் வாசனை அதில் இன்னும் இருக்கிறது. நாம் பாஸ்போர்ட்டைக் கிழித்துப் போட்டோம், அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஆக, எங்கிருந்து வந்தது என்பதை வைத்து மரத்தை எடைபோட முடியாது. தண்ணீர் ஊற்றாமல் நிற்கிறதா, ஆட்டுக்குத் தப்புகிறதா, ஏழை வீட்டுக்குச் சோறு போடுகிறதா என்று கேட்டால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். கொட்டாம்பட்டியைச் சுற்றி, அழகர்மலை அடிவாரம் வரைக்கும், கரடுகளின் சரிவிலும் வரப்போரங்களிலும் சீத்தா தானாகவே நிற்கிறது. இலை கசப்பு, ஆடு கடிக்காது. கோடை வந்தால் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். கோடை மழை விழுந்ததும் துளிர்க்கும், பூக்கும். பாவ்பாவ் குளிருக்குப் பயந்து தூங்குகிறது, சீத்தா வெயிலுக்கு. வேறு வித்தியாசம் அதிகம் இல்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பம்.

வேண்டுமென்றே நீட்டிச் சொல்லவில்லை, தாவரவியலில் நிஜமாகவே ஒரே குடும்பம்தான். இரண்டுக்கும் தலைகீழாகத் தொங்கும் சதைப்பிடிப்பான பூ. பூ முதலில் பெண்ணாகத் திறந்து, பிறகு ஆணாக மாறும். அதனால் தன் மகரந்தம் தனக்கு எளிதில் உதவாது. தேனீ இதைச் சீந்துவதில்லை, சின்னஞ்சிறு வண்டுகளும் ஈக்களும்தான் வேலை பார்க்கின்றன. பாவ்பாவ் இலையை மட்டுமே தின்று வளரும் ஒரு வண்ணத்துப்பூச்சி அமெரிக்காவில் உண்டு, வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்டது. அதன் உறவுக்காரப் பூச்சி ஒன்று நம்மிடம் இருக்கிறது. கறுப்பில் பச்சைப் புள்ளி, ஒரு இடத்தில் நிற்காமல் படபடக்கும். அதன் புழு சீத்தா இலையையும் நெட்டிலிங்க இலையையும் தின்னும். நெட்டிலிங்கமும் இதே குடும்பம்தான். ஆபீஸ் வாசலில் எல்லாம் வரிசையாக நிற்பதை நாம் தவறாக அசோகமரம் என்போமே, அது. மனோரஞ்சிதமும் இந்த வீட்டுப் பெண்தான். பாவ்பாவுக்கு ஏங்குகிறவன் வீட்டு வாசலிலேயே அதன் சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள்.

இனி அமெரிக்கர்கள் பாவ்பாவை என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். வீடியோவில் இந்தப் பகுதி வராது.

அது அவர்களுக்கு அயல் மரம் இல்லை. கிழக்கு அமெரிக்காவின் ஆற்றோரக் காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் தானாக வளர்வது. 1806-இல் லூயிஸ், கிளார்க் பயணக்குழு சாப்பாடு தீர்ந்துபோய்த் திரும்பி வந்தபோது சில நாள் இந்தப் பழத்தைத் தின்றுதான் ஓட்டியது. பூர்வகுடிகள், அடிமைகள், மலைக்கிராமத்து ஏழைகள் பறித்துத் தின்ற பழம். கடைக்கு வரவில்லை. காரணம் எளிது, பழுத்தால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், தோல் கறுத்துவிடும். அதாவது அது அவர்களுடைய கரட்டுச் சீத்தா.

1916-இல் அமெரிக்க மரபியல் சங்கம் ஒரு போட்டி வைத்தது. மிகப் பெரிய பாவ்பாவ் மரத்துக்கு 50 டாலர், மிகச் சிறந்த பழத்துக்கு 50 டாலர். காட்டிலும் வேலியோரத்திலும் கிடைத்த பழங்களை ஜனங்கள் தபாலில் அனுப்பினார்கள். ஒஹையோவிலிருந்து ஒரு இல்லத்தரசி அனுப்பிய பழம் வென்றது. ‘கெட்டர்’ என்று அவர் பெயரிலேயே அந்த ரகம் அறியப்பட்டது. விஞ்ஞானிகள் காட்டுக்குள் போய்த் தேடவில்லை. எந்த மரம் இனிப்பு என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும் என்பதை ஒப்புக்கொண்டு, அவர்களிடம் கேட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இது.

பிறகு மறந்தும் போனார்கள். 1970-களில் நீல் பீட்டர்சன் என்ற மாணவர் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, இதை ஏன் யாரும் விவசாயம் செய்யவில்லை என்று கேட்க ஆரம்பித்தார். பழைய சேகரிப்பாளர்களின் தோட்டங்களில் மிச்சம் நின்ற மரங்களைத் தேடிப் போனார். விதை எடுத்து ஆயிரத்துக்கும் மேல் நாற்று நட்டார், வருடக்கணக்காகத் தின்று பார்த்தார், தேறியவை கைவிரலில் எண்ணும் அளவுதான். ஷெனன்டோவா, சஸ்குவஹானா என்று பூர்வகுடிப் பெயர் கொண்ட ஆறுகளின் பெயரை அவற்றுக்கு வைத்தார். கென்டக்கி மாநிலப் பல்கலைக்கழகம் 1990-இலிருந்து இதற்கென்றே ஆராய்ச்சி நடத்துகிறது. ஒஹையோவின் ஆல்பனியில் 1999-இலிருந்து வருடாவருடம் பாவ்பாவ் திருவிழா. 2009-இல் ஒஹையோ அதைத் தன் மாநிலப் பூர்வீகப் பழமாக அறிவித்தது. நாற்பது, ஐம்பது வருட வேலை, எல்லாம் தன் காட்டோரத்தில் நின்ற மரத்துக்கு.

அந்த வேலையின் கடைசிப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாம் விதை ஆர்டர் போடுகிறோம்.

நம்ம பக்கம் நடப்பது என்ன? ஆவணியிலிருந்து ஐப்பசி வரை நான்குவழிச் சாலை ஓரத்தில் சாக்கு விரித்துச் சீத்தாவைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் வயதான பெண்கள். விடியுமுன் கரடேறி, முள்ளுக்குள் புகுந்து ஒடித்து, தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். எப்போது ஒடிப்பது என்று ஒரு அப்பத்தாவிடம் கேட்டேன். "கண்ணு விரிஞ்சு வெள்ளக்கோடு தெரியணும்ய்யா. அன்னைக்கே ஒடிச்சிரணும். ஒரு நா விட்டா அணிலுக்கு, ரெண்டு நா விட்டா எறும்புக்கு." ஒடித்ததை வைக்கோலில் போட்டு மூடினால் மறுநாள், மூன்றாம் நாள் பழுக்கும். பழுத்தபின் ஒரு பகல்தான் கையில் இருக்கும். சாயங்காலம் பஸ் போய்விட்டால் கூறு பாதி விலை. நான் கேட்ட அன்றைக்கு ஒரு கூறு 50 ரூபாய், ஆறு பழம். காரை நிறுத்தியவர் 30-க்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வண்டியின் பின் சீட்டில் அவகாடோ கன்று ஒன்று பாலித்தீன் பையில் இருந்தது.

அவகாடோவையும் நான் திட்டவில்லை. கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் அதற்கு ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது, அங்கே அது நன்றாக வரும். மலை வேறு, சமவெளி வேறு.

"சீத்தாவிலும் ரகம் வந்திருக்கே, நீ சொல்றது பழைய கதை" என்று சிலர் கேட்பார்கள். வந்திருக்கிறது. நம்ம அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையமே ஒரு ரகம் விட்டிருக்கிறது. பெங்களூர் தோட்டக்கலை நிறுவனத்தின் அர்கா சஹன் பெரிய பழம், விதை குறைவு, கொஞ்ச நாள் தாங்கவும் செய்யும். நல்ல சரக்குதான். ஆனால் அது சொட்டுநீரும் கவாத்தும் கையால் மகரந்தம் தடவ ஆளும் உள்ள தோட்டத்துக்கானது. கரட்டில் யார் பிரஷ் எடுத்துக்கொண்டு ஏறுவார்கள்? கேட்கவேண்டியது வேறு கேள்வி. இந்த ஆயிரக்கணக்கான கரட்டு மரங்களில், தண்ணீர் இல்லாமலேயே பெரிய கண்ணும் குறைந்த விதையுமாகக் காய்க்கும் மரம் எது? விதையில் முளைத்த மரங்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அதைக் கண்டுபிடித்து, குச்சி எடுத்து ஒட்டுக்கட்டினால் புஞ்சைக்காரருக்கு ஒரு மரம் கிடைக்கும். இந்தத் தேடலைக் கொட்டாம்பட்டியில் யாரும் நடத்தி நான் பார்த்ததில்லை.

தைவானைப் பாருங்கள். அதே சீத்தா, தைதுங் என்ற ஊரில். புத்தர் தலைமுடி மாதிரி இருக்கிறது என்று சாக்கியமுனி பெயரைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். நாம் சீதை, அவர்கள் புத்தர். ரகம் தேர்ந்து, கவாத்து செய்து ஏற்றுமதி வரை கொண்டுபோனார்கள். 2021 செப்டம்பரில் சீனா மாவுப்பூச்சியைக் காரணம் காட்டி தைவான் சீத்தாவுக்குத் தடை போட்டபோது அது சர்வதேச அரசியல் செய்தியானது. நம் ஊரில் காரை நிறுத்தி 30 ரூபாய்க்குக் கேட்கும் பழம்தான்.

மாவுப்பூச்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. பப்பாளியோடு நிற்கவில்லை, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவி விவசாயிகளைக் கதறவைத்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகே அடங்கியது. வெளிநாட்டு விதையும் கன்றும் கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி வேண்டும். சூட்கேஸில் சட்டைக்கு நடுவே குச்சி வைத்துக் கொண்டுவந்தேன் என்று பெருமையாகப் பதிவு போடுகிறவர்களைப் பார்க்கிறேன். லைக் போடுகிறவர்களில் விவசாயி மகன்களும் உண்டு.

சூப்பர் உணவுப் பேச்சுக்கும் ஒரு வார்த்தை. முள் சீத்தா புற்றுநோயைக் குணமாக்கும் என்று இலை, பொடி, ஜூஸ் என விற்கிறார்கள். சோதனைக் குழாயில் செல்லைக் கொல்வதும் மனிதனைக் குணமாக்குவதும் ஒன்றில்லை. இந்தக் குடும்பத்து மரங்களில் இருக்கும் அனோனசின் நரம்புக்கும் நஞ்சு. குவாதலூப் தீவில் முள் சீத்தா வகைகளை அதிகம் உண்டவர்களிடம் பார்கின்சன் போன்ற ஒரு நோய் கூடுதலாக இருப்பதாக 1999-இல் லான்செட் இதழில் ஆய்வு வந்தது. அது முடிந்த தீர்ப்பு இல்லை, ஆனால் பொடி விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார். பாவ்பாவிலும் அனோனசின் உண்டு. சீத்தா விதையை அரைத்துப் பேனுக்குப் போடுகிறவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வார்கள். மரத்தோடு பழகியவர்களுக்கு மருந்தும் தெரியும், நஞ்சும் தெரியும்.

கடைசியாக, கரடு. வருவாய்க் கணக்கில் அது ‘கல்லாங்குத்து’, ‘தரிசு’, ‘புறம்போக்கு’. அடங்கலில் பட்டா நிலத்துத் தென்னைக்கு இடம் உண்டு, கரட்டுச் சீத்தாவுக்கு இல்லை. கணக்கில் இல்லாத மரம் நிற்கும் மலை, காகிதத்தில் வெறும் கல். மேலூர்ப் பக்கத்தில் அந்தக் கல்லை எப்படி அறுத்தார்கள் என்பது 2012-இல் ஆட்சியர் சகாயம் எழுதிய அறிக்கையிலிருந்து உலகத்துக்கே தெரியும். பிறகு டங்ஸ்டன் வந்தது. அரிட்டாபட்டியை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது ஏழு குன்று, 200 ஊற்று, 250 வகைப் பறவை என்று எண்ணி எழுதிவைத்திருந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானதற்கு ஜனங்கள் தெருவில் இறங்கியதுதான் காரணம். ஆனாலும் அவர்கள் கையில் அந்தப் பட்டியல் இருந்தது. கொட்டாம்பட்டியின் மற்ற கரடுகளுக்கு அப்படி என்ன பட்டியல் இருக்கிறது?

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் போய்க் கேளுங்கள். எழுத்தர் முதலில் முழிப்பார், பிறகு பீரோவைத் திறப்பார். அதில் எந்தக் கரட்டில் எந்தச் சீத்தா என்று எழுத இடம் உண்டு. உணவுக்காடு போட வரும் தம்பிகள் ஒரு வருடம் போர் போடுவதை நிறுத்திவிட்டு இதைச் செய்யலாம். 1916-இல் நடந்த போட்டியை இங்கே நடத்தலாம். புரட்டாசியில் பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு பந்தல், ஒரு தராசு, நான்கு கிண்ணம், சாப்பிட்டுப் பார்த்து மார்க் போட நான்கு பேர். அந்த நால்வரில் மூன்று பேர் பழம் விற்கும் பெண்களாக இருக்க வேண்டும். பரிசுப் பணத்துக்கு ஒரு மியாசாக்கி கன்றின் விலை போதும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் அந்த அப்பத்தாவிடம் பெரிய கண்ணுள்ள ஒரு பழத்தைக் காட்டி, "இது எந்தக் கரட்டுப் பழம்?" என்று கேட்டேன்.

"ஏன்ய்யா, நாளைக்கு நீ போயி ஒடிக்கவா?"

"இல்ல அப்பத்தா, எழுதி வைக்க."

"எழுதி வச்சா அளக்க வருவாக. அளந்தா வேலி போடுவாக. நீ பழத்தத் தின்னுட்டுப் போ."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மரம் அவருடையது இல்லை, இடமும் இல்லை. அந்த இடம் தெரியும் என்பது மட்டும்தான் அவருடையது. பதிவேட்டில் ஊர்ப்பெயரை மட்டும் எழுதி மரத்தை அவர் பொறுப்பில் விடலாமா? ஒட்டுக்குச்சிக்கு அவருக்கு என்ன விலை கொடுப்பது? பறிக்கும் உரிமையை அவர் பேரில் எழுத ஊராட்சி சம்மதிக்குமா? பந்தல் போடுவதற்கு முன்னால் கிராமசபையில் இதைப் பேச வேண்டும், அவரையும் கூட்டிக்கொண்டு போய்.